பரிசாக வந்த பப்ளி பாட்டிலை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

டர்பனுக்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கோ வேலைக்கு வருபவர்கள் முதல் டிசம்பரிலேயே இதைச் சந்தித்துவிடுவார்கள். ஆபீஸில் வருடக் கடைசிக் கூடை ஒன்று கொடுப்பார்கள். அதில் முந்திரி, சாக்லெட், அப்புறம் கழுத்தில் தங்க நிறத் தாள் சுற்றிய ஒரு பாட்டில். ஸ்பார்க்ளிங் ஒயின். இங்கே பேச்சில் அதற்கு 'பப்ளி' என்றுதான் பெயர். குடிக்கிற பழக்கம் இல்லாதவர் வீட்டில் அது ஷோகேஸில் பொம்மைகளுக்கு நடுவே போய் நிற்கும். பழக்கம் உள்ளவர் வீட்டிலும் பெரும்பாலும் அதே கதிதான். "ஒயின் பழசாகப் பழசாக நல்லது என்பார்களே, ஏதாவது நல்ல நாள் வரட்டும்" என்று வைத்திருப்பார்கள். நல்ல நாள் வருவதற்குள் நாலைந்து வருடம் ஓடியிருக்கும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் பப்ளியில் மிகப் பெரும்பாலானது வாங்கிய அன்றே குடிக்கத் தயாராக இருக்கிறது. காத்திருக்க வேண்டிய காலத்தைத் தயாரித்தவரே தன் நிலவறையில் காத்து முடித்துவிட்டார். அதற்கு மேல் நாம் வைத்திருந்தால் சில பாட்டில்கள் வேறொரு சுவைக்கு மாறும், பல பாட்டில்கள் வெறுமனே வீணாகும். உங்கள் கையில் இருப்பது எந்த ரகம் என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

முதலில் லேபிளைப் பாருங்கள்

முன் லேபிளில் 'கேப் கிளாசீக்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய பாட்டில்களில் 'மெத்தோட் கேப் கிளாசீக்' என்று முழுதாக இருக்கும். இங்குள்ளவர்கள் சுருக்கமாக எம்.சி.சி. என்பார்கள். சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம் கல்லூரி நினைவுக்கு வரும், பரவாயில்லை. அந்தச் சொல் இருந்தால், பிரான்ஸின் ஷாம்பெய்ன் பகுதியில் செய்வது போலவே பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்க வைத்த ஒயின் அது. தென்னாப்பிரிக்காவில் இந்த முறையில் முதலில் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஸ்டெலன்பாஷ் பகுதியின் சிமோன்சிக் பண்ணையைச் சேர்ந்த ஃபிரான்ஸ் மலான். அது 1971ஆம் ஆண்டு அறுவடை. இன்று ஃப்ரான்ஷுக், ராபர்ட்சன், துல்பாக் என்று பல பள்ளத்தாக்குகளில் செய்கிறார்கள். 1994இல் மண்டேலா பதவியேற்றபோது விருந்தில் ஊற்றியது ராபர்ட்சனின் கிரஹாம் பெக் ப்ரூட்.

அந்தச் சொல் இல்லாவிட்டால் ஒயினைப் பெரிய தொட்டியில் நொதிக்க வைத்து அழுத்தத்தோடு பாட்டிலில் அடைத்திருப்பார்கள். அல்லது சோடாவுக்குச் செய்வது போலக் கரியமில வாயுவை நேரடியாக ஏற்றியிருப்பார்கள். விலை குறைந்த, இனிப்பான பப்ளிகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டம். இத்தாலியிலிருந்து வரும் ப்ரொசெக்கோவும் பெரும்பாலும் தொட்டியில் நொதித்ததுதான். இவற்றில் மட்டம் என்று ஒன்றுமில்லை. காரமான சமோசாவுக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் நல்ல ஜோடி இந்த இனிப்பு ரகம்தான். ஆனால் இவற்றின் உயிரே புதுப் பழ வாசனை. அது நாளாக ஆகக் குறையுமே தவிர கூடாது.

கம்பெனி பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஜே.சி. லெ ரூ போன்ற பெரிய நிறுவனங்கள் இரண்டு வகையையும் செய்கின்றன. பாட்டில்களும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கேப் கிளாசீக் என்ற அந்த ஒரு சொல்தான் பிரித்துக் காட்டும்.

அடுத்தது வருடம். லேபிளில் வருடமே இல்லையென்றால் பல அறுவடைகளின் ஒயினைக் கலந்து எப்போதும் ஒரே சுவை வரும்படி செய்தது. உடனே குடிப்பதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள். வருடம் இருந்தால் அது திராட்சை பறித்த வருடம். இங்கே பூமியின் தென்பாதி, அதனால் அறுவடை வருடத் தொடக்கத்திலேயே வந்துவிடும். பப்ளிக்கான திராட்சையைப் புளிப்பு குறையாமல் முதல் ஆளாக, ஜனவரியிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே 2021 என்று போட்டிருந்தால் அது 2021இன் தொடக்கத்தில் பறித்த பழம். அதே வருடம் போட்ட ஐரோப்பிய பாட்டிலைவிட அரை வருடத்துக்கு மேல் மூத்தது.

கார்க் போட்ட தேதி

அறுவடை வருடத்தைவிட முக்கியமான இன்னொரு தேதி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பாட்டிலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சாதாரண ஒயினைப் பாட்டிலில் ஊற்றி, லிட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். வாயு வெளியே போக வழியில்லாமல் ஒயினிலேயே கரைந்து, நிலவறைக் குளிர்ச்சியில் ஏறக்குறைய 6 வளிமண்டல அழுத்தம் வரை ஏறிவிடும். வேலை முடிந்த ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகப் படியும். பப்ளியின் ருசியில் பாதி அந்த மண்டியிலிருந்துதான் வருகிறது. செத்த ஈஸ்ட் மெல்ல மெல்லக் கரைந்து ரொட்டி, பிஸ்கட் வாசனையையும் ஒரு வழவழப்பையும் கொடுக்கும். அது மட்டுமல்ல, உள்ளே நுழையும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். மண்டியோடு இருக்கும்வரை ஒயினுக்குக் காவல் இருக்கிறது.

கேப் கிளாசீக்குக்கு இந்த மண்டிக் காலம் குறைந்தது 12 மாதம் இருக்க வேண்டும். முன்பு 9 மாதமாக இருந்தது, பிறகு கூட்டினார்கள். வருடம் போடாத ஷாம்பெய்னுக்கு மொத்தம் 15 மாதம், அதில் 12 மாதம் மண்டியோடு. வருடம் போட்ட ஷாம்பெய்னுக்கு 3 வருடம். இவை சட்டம் கேட்கும் குறைந்தபட்சம்தான். கிரஹாம் பெக்கின் கியூவே கிளைவ் போன்ற உயர் ரகங்களைப் பல வருடம் இப்படியே விட்டுவைக்கிறார்கள்.

பிறகு பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தலைகீழாக்கி, மண்டி முழுவதையும் கழுத்துக்கு இறக்குவார்கள். கழுத்தை மட்டும் உறைய வைத்து மூடியைத் திறந்தால் உள்ளிருக்கும் அழுத்தமே மண்டிக் கட்டியை வெளியே தள்ளிவிடும். குறைந்துபோன அளவை ஈடுகட்ட ஒயினும் சிறிது சர்க்கரையும் சேர்த்து, காளான் வடிவக் கார்க்கை அடித்து, கம்பி வலை போட்டு முடுக்குவார்கள். இந்த மண்டி நீக்கலுக்குத் தொழிலில் 'டிஸ்கார்ஜ்மென்ட்' என்று பெயர்.

நம் நாள் கணக்கு அன்றிலிருந்துதான் ஆரம்பம். காவல் போய்விட்டது. இனிக் கார்க் வழியாக வாயு மெதுவாக வெளியேறும், ஆக்சிஜன் மெதுவாக உள்ளே வரும். 2018 அறுவடையைச் சென்ற வருடம்தான் மண்டி நீக்கியிருந்தால் அது இளமையான பாட்டில். அதே 2018ஐ 2020லேயே மண்டி நீக்கி, ஏதோ ஒரு கடை அலமாரியில் நின்றுகொண்டிருந்தால் அது வேறு கதை.

பின் லேபிளில் பொடி எழுத்தில் 'டிஸ்கார்ஜ்டு' என்று மாதமும் வருடமும் இருக்கிறதா பாருங்கள். எல்லோரும் போடுவதில்லை. போடுகிறவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. க்ரூக் ஷாம்பெய்ன் யாராவது உங்களுக்குப் பரிசளித்தால் (அப்படிப்பட்ட நண்பரை விட்டுவிடாதீர்கள்) பின்னால் ஒரு ஆறு இலக்க எண் இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் எந்த வருடத்தின் எந்தக் காலாண்டில் மண்டி நீக்கினார்கள் என்பதைச் சொல்லும். தேதியே இல்லாத பாட்டிலுக்கு, கையில் வந்த தேதியை நீங்களே டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்தத் தேதிக்கு முன்பே அது கொஞ்ச நாள் கடையில் நின்றிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, எத்தனை நாள்?

வாயு ஏற்றிய பப்ளி, மொஸ்காட்டோ போன்ற இனிப்பு ரகங்கள் என்றால் வாங்கிய சில மாதங்களுக்குள் முடித்துவிடுங்கள். வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். ப்ரொசெக்கோவும் ஏறக்குறைய அப்படித்தான், அதிகபட்சம் இரண்டு வருடம்.

வருடம் போடாத கேப் கிளாசீக் இன்றைக்கே நன்றாக இருக்கும். மண்டி நீக்கியதிலிருந்து இரண்டு வருடம் வரை கவலையில்லை. ரோஸே (இளஞ்சிவப்பு நிற பப்ளி) என்றால் அந்தச் சிவப்புப் பழ வாசனைக்காகத்தானே வாங்குகிறோம், அதனால் ஒரு வருடத்துக்குள். மண்டி நீக்கிய கையோடு நேரடியாகப் பண்ணையில் வாங்கியிருந்தால் மட்டும் மூன்று மாதம் சும்மா விடலாம். கடைசியில் சேர்த்த சர்க்கரை ஒயினோடு ஒன்றுகலக்க அவ்வளவு காலம் ஆகும்.

வருடம் போட்ட கேப் கிளாசீக்கை வாங்கியதிலிருந்து மூன்று முதல் ஐந்து வருடம் வைக்கலாம். உயர் ரகங்களை அதற்கு மேலும் வைக்கலாம். வருடம் போடாத நல்ல ஷாம்பெய்னுக்கு மூன்று வருடம், வருடம் போட்டதற்குப் பத்து வருடம்கூடத் தாங்கும். ஆனால் இதெல்லாம் குளிர்ச்சியான இடம் இருந்தால் மட்டும் செல்லும் கணக்கு. வெயில் படும் ஃபிளாட்டில் இருக்கிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் பாதியாக்கிக்கொள்ளுங்கள்.

பாட்டில் அளவும் சேர்த்தி. 375 மில்லி அரைப் பாட்டில் சீக்கிரம் முதிரும், 1.5 லிட்டர் மேக்னம் மெதுவாக முதிரும். உள்ளே புகும் ஆக்சிஜன் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதைத் தாங்கும் ஒயினின் அளவுதான் வேறு. வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர் ஒரு மேக்னம் வாங்குவது புத்திசாலித்தனம்.

வைத்திருந்தால் அப்படி என்னதான் கிடைக்கும்? குமிழி சிறுத்து மென்மையாகும், நிறம் பொன்னாகும். எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசனை பின்வாங்கி, தேன், வறுத்த பாதாம், டோஸ்ட் முன்னே வரும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வருடக்கணக்கில் மெல்ல வினைபுரிவதால் வருவது இது. சிலருக்கு இது தேவாமிர்தம், சிலர் "என்ன, நுரையே இல்லை" என்பார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள ஒரு வழி: வருடம் போட்ட ஒரே கேப் கிளாசீக்கில் மூன்று பாட்டில் வாங்கி, ஒன்றை இப்போது, ஒன்றை அடுத்த வருடம், மூன்றாவதை அதற்கடுத்த வருடம் திறங்கள். இளமையான சுவையே பிடித்திருந்தால் இனிமேல் எதையும் சேர்த்து வைக்க வேண்டிய தொல்லை இல்லை. இன்னொன்று, டர்பன் மட்டன் கறியோடு குடிக்கப் போகிறீர்கள் என்றால் முதிர்ந்த பாட்டிலைத் திறக்காதீர்கள். அந்தத் தேனும் பாதாமும் மசாலாவுக்கு முன் எடுபடாது.

எங்கே வைப்பது

பாட்டிலைக் கொல்வது பெரும்பாலும் வெப்பம்தான். அதற்குப் பிறகு வெளிச்சம். வருடக் கணக்கெல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

10 முதல் 12 டிகிரிதான் லட்சிய வெப்பநிலை. டர்பனில் கோடைக்கால வீட்டுக்குள் 28, 30 டிகிரி சர்வசாதாரணம். ஆகவே சமையலறையே வேண்டாம். அடுப்புக்கு மேல் அலமாரி, ஃப்ரிட்ஜின் தலை, கீசர் இருக்கும் இடம் மூன்றும் மிக மோசம். வீட்டில் மதிய வெயில் படாத பக்கம் இருக்கும் அறை எது என்று பாருங்கள். தெற்குப் பார்த்த அறையாக இருக்கும், ஏனென்றால் இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. புதிதாக வருகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். அந்த அறையில் துணி அலமாரியின் அடித்தட்டு, ஒரு அட்டைப்பெட்டிக்குள். அது போதும். ஜோகன்னஸ்பர்க்காரர்களுக்குப் பாதிப் பிரச்சினை இல்லை. இரவும் குளிர்காலமும் அங்கே உதவிக்கு வரும்.

வெளிச்சம் விஷயத்தில் பப்ளி ரொம்பவே நோஞ்சான். கடை டியூப்லைட்டும் வெயிலும் ஒயினில் உள்ள ரிபோஃபிளேவின் என்ற வைட்டமின் மூலமாக ஒரு கந்தக நாற்றத்தை உண்டாக்கிவிடும். வெந்த முட்டைகோஸ் மாதிரி. பச்சைக் கண்ணாடி கொஞ்சம் காக்கும், வெள்ளைக் கண்ணாடி காக்காது. அதனால்தான் க்ரிஸ்டல் ஷாம்பெய்னின் வெள்ளைப் பாட்டிலைச் சுற்றி அந்த ஆரஞ்சு நிறத் தாள். ரோஸேக்களில் பல வெள்ளைக் கண்ணாடியில் வருகின்றன, அவற்றை வாங்கிய பெட்டியிலேயே வையுங்கள். கடையில் வாங்கும்போதும் ஜன்னலோரக் காட்சிப் பாட்டிலை எடுக்காமல், "உள்ளே பெட்டியில் இருந்து ஒன்று கொடுங்கள்" என்று கேளுங்கள். தள்ளுபடி விலையில் குவித்து வைத்திருந்தால் எத்தனை நாளாக அங்கே நிற்கிறது என்பதையும் யோசியுங்கள்.

படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா? சாதாரண ஒயினைக் கார்க் காயாமலிருக்கப் படுக்க வைப்பார்கள். பப்ளியில் பாட்டிலுக்குள்ளேயே ஈரமும் அழுத்தமும் இருப்பதால் நின்றாலும் கெடுதல் இல்லை. இடம் எப்படியோ அப்படி.

ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் வரை இருக்கலாம். மாதக்கணக்கில் வேண்டாம். குளிர்ச்சி நல்லதுதான், ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் காற்று வறண்டது. திறந்து மூடும் அதிர்வு வேறு, மின்வெட்டு நாட்களில் ஏறி இறங்கும் வெப்பம் வேறு.

குளிரும் இருட்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 2010இல் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடந்த ஒரு கப்பலிலிருந்து ஷாம்பெய்ன் பாட்டில்களை எடுத்தார்கள். ஏறக்குறைய 170 வருடம் பழையவை. அவற்றில் சில இன்னும் குடிக்கும் நிலையில் இருந்தன. உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும் பால்டிக் கடலும் நிரந்தர இருட்டும் அவ்வளவு காலம் காப்பாற்றியிருக்கின்றன. உங்கள் கார் டிக்கி ஒரே மதியத்தில் பாழாக்கிவிடும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஆறு மணி நேரம் காரில் போகும்போது பாட்டில் ஏசி பக்கம், இருக்கைக்குக் கீழே இருக்கட்டும்.

புரட்டாசி கணக்கு

இங்கே 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வம்சத்தில் பல வீடுகளில் புரட்டாசியை நம் ஊரைவிடக் கண்டிப்பாகப் பிடிக்கிறார்கள். மாதம் முழுக்கக் கறியும் இல்லை, மதுவும் இல்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் ஒரு வீட்டுக்கு அந்த மாதம் பாட்டிலோடு போய் நிற்காதீர்கள். உங்களுக்கு ஆகஸ்டில் வந்த பாட்டிலைத் தீபாவளி தாண்டி டிசம்பர் வரை வைத்தால் எந்த ரகத்துக்கும் ஒன்றும் ஆகாது. தயங்காமல் வையுங்கள். அது அந்த டிசம்பரையும் தாண்டி அடுத்த புரட்டாசிக்குப் போவதுதான் பிரச்சினை.

திறக்கும் நாள்

முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறந்துபோனால் வாளியில் பாதி ஐஸ், பாதித் தண்ணீர் போட்டு அரை மணி நேரம். வெறும் ஐஸைவிட இது வேகம். ஃப்ரீசர் வேண்டாம், மறந்தால் வெடிக்கும். இளம் பப்ளிக்கு 6 முதல் 8 டிகிரி, முதிர்ந்ததற்கு 10 டிகிரிக்குச் சற்று மேல். காரில் குலுங்கி வந்த பாட்டிலைச் சில மணி நேரமாவது அசையாமல் விட வேண்டும்.

சூடான பாட்டிலில் அழுத்தம் இன்னும் கூடுதல். கம்பி வலையைத் தளர்த்தும் நொடியிலிருந்து கட்டை விரல் கார்க்கின் மேலேயே இருக்கட்டும். பாட்டிலைச் சாய்த்து, யார் முகமும் இல்லாத பக்கம் திருப்பி, மேலே ஒரு துணியைப் போட்டு, கார்க்கைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருகுங்கள். கார்க் தானாக எழும்பி வரும், அதைத் தடுத்துத் தடுத்து விட வேண்டும். 'டப்' என்று வெடிக்காமல் ஒரு பெருமூச்சுச் சத்தம் வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே நுரை கொஞ்சம் கூடுதலாகவே பொங்கும், நிதானமாக ஊற்றுங்கள். வண்டி ஓட்டப் போகிறவருக்கு ஊற்றாதீர்கள். இங்கே சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராமுக்கும் கீழே. இரண்டு கிளாஸில் தாண்டிவிடலாம்.

கார்க்கைத் தூக்கி எறியாமல் பாருங்கள். அடிப்பகுதி நன்றாக விரிந்து அகன்றால் சமீபத்தில் அடைத்தது. ஒடுங்கி நேராக ஆணி போல் நின்றால் பல வருடம் உள்ளே இருந்திருக்கிறது. லேபிளில் இல்லாத தேதியை அது சொல்லிவிடும்.

ஷோகேஸில் வருடக்கணக்காக நின்றதைத் திறக்கிறீர்கள் என்றால் முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தாலோ தாளுக்குக் கீழே பிசுக்கு இருந்தாலோ கசிந்திருக்கிறது. ஊற்றியபின் நிறம் அடர் பொன் என்றால் பயமில்லை, பழுப்பு என்றால் போயிற்று. அடிபட்ட ஆப்பிளின் வாசனை மட்டுமே தூக்கலாக வந்தாலும் அப்படித்தான். அதைக் குடித்தால் உடம்புக்கு ஆபத்து ஒன்றுமில்லை, ருசிதான் இருக்காது. எப்படியிருந்தாலும் விருந்தாளிகள் வரும் நாளில் பழைய பாட்டிலை நம்பி இருக்காமல், கடையிலிருந்து புதிதாக ஒன்றையும் குளிரவைத்து வையுங்கள்.

மிச்சமானால் பப்ளிக்கென்றே விற்கும் கவ்வும் மூடியைப் போட்டு ஃப்ரிட்ஜில் நிறுத்துங்கள். இரண்டு நாள் தாங்கும். பாட்டில் கழுத்தில் வெள்ளி ஸ்பூனைத் தொங்கவிட்டால் நுரை போகாது என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்வார். அதில் ஒன்றும் இல்லை, ஃப்ரிட்ஜின் குளிர்தான் வேலை செய்கிறது. நுரை முழுதும் போனபிறகு மிஞ்சியதை இறாலும் பூண்டும் வதக்கும்போது அரை கப் ஊற்றிச் சுண்டவிடலாம். இனிப்பு ரகமாக இருந்தால் அதுவும் வேண்டாம், கொட்டிவிடுங்கள்.